இரண்டாவது வரிசையில் போட்ட டிக்

ஜூன் 3

தம்பிக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை, அதனால் எழுதவில்லை. மூன்று நாளாகப் போன் அடித்துக்கொண்டிருக்கிறாய். எடுக்க மாட்டேன். போனில் நான் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் நீ முடித்துவைப்பாய், அதுவும் தப்பாக. தாளில் அந்த வித்தை நடக்காது. கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டுதான் படித்தாக வேண்டும்.

நடந்ததை ஒரு தடவை ஒழுங்காகச் சொல்கிறேன். எங்கள் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், எல்லாருக்கும் புதுக் குடியிருப்பில் வீடு, விண்ணப்பம் ஆன்லைனில் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். அதை வாங்கிப் பதிகிற புரோகிராமை நீதான் எழுதினாய் என்று தெரிந்ததும் வராந்தா முழுக்கப் பெருமை அடித்துக்கொண்டேன். என் போனிலேயே நிரப்பினேன். வாடகை ஒப்பந்தம் என் பெயரில் இருப்பதால் முதல் வரிசையில் நான். இரண்டாவதில் உன் அத்தான். அடுத்து பெரியவன், அதற்கும் கீழே சின்னவள். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் ‘படி ஏற இயலாதவர்’ என்று ஒரு சின்னக் கட்டம். அத்தானின் வரிசையில் மட்டும் அதைத் தொட்டேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டிருந்தார். டிக் விழுந்ததை இரண்டு பேரும் பார்த்தோம்.

ஏணியிலிருந்து விழுந்து அவர் கால் இரண்டும் செயலற்றுப் போய் இரண்டு வருஷமாகிறது. ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் இந்த இரண்டாம் மாடியிலிருந்து நாற்காலியோடு நாலு பேர் தூக்கி இறக்குகிறார்கள். தரைத்தள வீடு கிடைத்தால் மனிதர் தானாக வாசலுக்குப் போய் வெயிலில் உட்காருவார். நான் கேட்டது அவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து வீடு ஒதுக்குகிற ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. “விசாரித்ததில், முதல் நபர் படி ஏற இயலாதவர் எனத் தெரிவித்தது பொய்த் தகவல். தரைத்தள உரிமை மறுக்கப்படுகிறது. ஒதுக்கீடு: நான்காம் தளம்.” அங்கே லிஃப்ட் கிடையாது. முதல் நபர் என்றால் நான். நேரில் போய்க் கேட்டேன். கவுன்டரில் இருந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “நீங்கதான் படி ஏற முடியாதவங்களா? இங்க மூணு மாடி ஏறித்தானே வந்தீங்க?” என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

அதுகூடப் போகட்டும். அங்கிருந்தே உனக்குப் போன் செய்தேன். நீ உன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாய்? “அக்கா, டிக் உம் பேர்லதான் இருக்கு. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது. நீ எப்பவுமே இப்படித்தான். சின்ன வயசுல பஸ்ல எனக்கு அரை டிக்கெட் எடுக்க வயசக் குறைச்சுச் சொன்னவதானே நீ.”

அந்தப் பொய்யை யாருக்காகச் சொன்னேன்? அம்மா அப்பா இரண்டு பேரும் வேலைக்குப் போன வீட்டில் உன்னைக் கையில் பிடித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவள் நான். அதை வைத்தே என்னை அடித்தாய்.

ஜூலை முதல் தேதி சாவி கொடுக்கிறார்கள். வாங்கினால் நான்காம் மாடி, வாங்காவிட்டால் தெரு. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன்.

அக்கா


ஜூன் 8

அக்கா,

வாயை மூடிக்கொண்டுதான் படித்தேன். அரை டிக்கெட்டைப் பற்றிப் பேசியது தப்பு. பேசி முடித்த நிமிடமே தெரிந்தது. இதை எழுதுவதற்குள் மூன்று தாள் கிழித்துவிட்டேன்.

ஆனால் பதிவில் இருப்பதை இல்லை என்று நான் எப்படிச் சொல்வது? மூவாயிரத்துச் சொச்சம் வீடுகள் விண்ணப்பித்திருக்கின்றன. ஆறு பேர் இருக்கிற வீடென்றால் நூறு கட்டத்தைத் தாண்டிவிடும். பெயர், வயது, தொழில், உறவு, பிறந்த தேதி எல்லாம் அதனதன் இடத்தில் விழுந்திருக்கின்றன. அத்தானின் பிறந்த தேதிகூடச் சரியாக இருக்கிறது. ஒரு டிக் மட்டும் எழுந்து நடந்து இடம் மாறுமா? போனின் திரை சின்னது. விரல் பட்டு மேலே விழுந்திருக்கலாம். நீ வேண்டுமென்று செய்தாய் என்று இனி ஒருபோதும் சொல்ல மாட்டேன். தெரியாமல் செய்திருக்கலாம்.

டாக்டர் சான்றிதழோடு மேல்முறையீடு செய். மூன்று மாதம் ஆகும் என்கிறார்கள். அத்தானிடமாவது பேசலாம் என்று பார்த்தால் அவர் போனையும் யாரும் எடுப்பதில்லை.

தம்பி


ஜூன் 12

தம்பிக்கு,

‘தெரியாமல் செய்திருக்கலாம்.’ எவ்வளவு பெரிய மனசு உனக்கு! அன்றைக்குப் பொய்க்காரி, இன்றைக்குக் கைநாட்டு. இரண்டில் எது கௌரவம் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஓடுகிற ஊசிக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பதினேழு வருஷமாகத் தையல் பிழைப்பு நடத்துகிறேன். என் விரல் ஒரு கட்டம் தள்ளிப் படுமா? அவர் போனை ஒளித்துவைத்திருப்பதும் நான்தான். உன் குரலைக் கேட்டால் அவர் உடனே உன் கட்சிக்குத் தாவிவிடுவார்.

கோபத்தில் மெஷினில் உட்கார முடியவில்லை. வந்த கடிதத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாகப் போனேன். பக்கத்து வீட்டு மேஸ்திரியை உனக்குத் தெரியும். அவருடைய மகளுக்குப் பதினொரு வயது, காலில் இரும்புச் சட்டம் மாட்டித்தான் நடக்கிறாள். விண்ணப்பத்தில் அவள் மூன்றாவது வரிசை, டிக் அவளுக்கு. ஆபீசிலிருந்து வந்த கடிதம் என்ன சொல்கிறது தெரியுமா? முதல் நபர் சொன்னது பொய்த் தகவலாம். முதல் நபர் மேஸ்திரி. சாரத்தில் குரங்கு மாதிரி ஏறுகிற மனிதர்! மேல் மாடி டியூஷன் டீச்சர் வீட்டுக்காரருக்கு இருதயக் கோளாறு. அவர் இரண்டாவது வரிசை. கடிதத்தில் டீச்சர் பெயர். கீழே பேப்பர் போடுகிறவர் தனக்கே முட்டி வலி என்று தன் பெயரில், முதல் வரிசையில் டிக் போட்டார். அவருக்கு மட்டும் தரைத்தளம் கிடைத்துவிட்டது.

அவரை விட்டுவிட்டால், எங்கள் வீட்டையும் சேர்த்து ஆறு வீடு. ஆறிலும் டிக் முதல் ஆளிடம்தான் போய் உட்கார்ந்திருக்கிறது. நாங்கள் அத்தனை பேரும் சொல்லிவைத்தாற்போல் ஒரே பொய்யைச் சொல்வோமா? இந்தக் கட்டடத்தில் ஆறு வீடு சேர்ந்து ஒரு காரியம் செய்யுமென்றால் மாடிக் குழாய் எப்போதோ சரியாகியிருக்கும்.

என் விரலைப் பார்த்தது போதும். உன் புரோகிராமைப் பார்.

அக்கா


ஜூன் 17

அக்கா,

தப்பு என்னுடையது. மீதியைப் படிக்காமல் கிழித்துப்போட்டாலும் இது ஒன்று உனக்குத் தெரிய வேண்டும் என்று முதலிலேயே எழுதிவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று இரண்டாவது ஆளுக்கு மட்டும் டிக் போட்டு ஒரு விண்ணப்பத்தை நானே அனுப்பிப் பார்த்தேன். அது முதல் ஆளின் பெயரில் போய் விழுந்தது. நம்பாமல் மறுபடி அனுப்பினேன், மறுபடியும் அப்படியே.

உன் தொழிலை வைத்துச் சொல்கிறேன். நாலு சட்டைக்குத் துணி வெட்டியிருக்கிறாய். நாலு முன்பக்கம் ஒரு அடுக்கு, நாலு முதுகு ஒரு அடுக்கு. இரண்டாவது சட்டைக்கு மட்டும் பாக்கெட், அதனால் பாக்கெட் அடுக்கில் ஒரே ஒரு துண்டு. தைப்பவன் ஒவ்வொரு அடுக்கிலும் மேலே இருப்பதை எடுத்து முதல் சட்டையாகத் தைக்கிறான். பாக்கெட் எதில் போய் ஒட்டும்? முதல் சட்டையில். நான் தைத்தது அப்படித்தான். இத்தனை கட்டங்களையும் தனித்தனியாக வாங்கச் சோம்பல்பட்டு, பெயர்களை ஒரு அடுக்காகவும் வயதுகளை ஒரு அடுக்காகவும் டிக்குகளை ஒரு அடுக்காகவும் சர்வரில் வாங்கி, முதலாவதோடு முதலாவதைச் சேர்த்தேன். பெயரும் வயதும் எல்லாருக்கும் இருக்கும், அதனால் அவை பிசகவில்லை. டிக் போடாத கட்டத்தை மட்டும் போன் அனுப்புவதே இல்லை. ‘இல்லை’ என்ற பதில்கூட வராது. இது இந்த வேலைக்கு வருகிறவன் முதல் வருஷத்திலேயே படிக்கிற பாடம். எனக்கும் தெரியும். சோதித்துப் பார்த்தபோது எல்லாருக்கும் டிக் போட்டேன், இல்லையென்றால் ஒருவருக்கும் போடவில்லை. உன் வீடு மாதிரி ஒரு வீடு இருக்கும் என்று தோன்றவே இல்லை.

இதைவிட மோசம் ஒன்று உண்டு. முந்நூற்றுப் பதினோரு வீடுகளில் டிக் இருக்கிறது. அதில் நூற்று எண்பது வீடுகளுக்குப் ‘பொய்த் தகவல்’ கடிதம் போயிருக்கிறது. எந்த டிக் யாருடையது என்று இப்போது எங்கே தேடினாலும் கிடைக்காது, அடுக்குகளை மட்டுமே சேமித்திருக்கிறேன். வீடு வீடாகப் போய் மறுபடி கேட்டால்தான் உண்டு.

எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டிடம் சொன்னேன். எழுந்து கதவைச் சாத்தினார். “இங்க பாருப்பா, சாவி குடுக்கிற தேதிய மேலிடம் வரைக்கும் சொல்லியாச்சு. இப்ப நிறுத்தினா எந் தலை உருளும், அதுக்கு முன்னால உந் தலை உருளும். உங்க அக்கா வீட்ட மட்டும் சரி பண்ணிக்க. நான் கையெழுத்துப் போடறேன். மத்தவங்க மேல்முறையீடு பண்ணட்டும்.”

உன் வீட்டுப் பதிவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். டிக்கை ஒரு வரிசை கீழே இறக்க அரை நிமிடம் போதும். அத்தானுக்குச் சேர வேண்டியதுதானே, திருட்டு இல்லையே என்று தோன்றுகிறது. வெளியே சொன்னால் இந்த வேலை போய்விடும் என்று பயமாகவும் இருக்கிறது. நீ என்ன சொல்கிறாய்?

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

மாற்று.

என்னிடம் நீ கேட்டிருக்கவே கூடாது. ஆனால் கேட்டுவிட்டாய். உனக்குப் பிடித்த மாதிரி ஒரு பதிலை எழுதி நல்ல பேர் வாங்க எனக்குத் தெம்பில்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்கு இறக்கும்போது ஒருவர் கை வழுக்கி, நாற்காலி சாய்ந்து, அவர் முழங்கை சுவரில் உரசித் தோல் பிய்ந்துவிட்டது. தூக்கியவர்கள் பதறினார்கள். அவர்தான் அவர்களைச் சமாதானப்படுத்தினார். வீட்டுக்கு வந்து மருந்து போடும்போது என்னிடம், “நாலாவது மாடின்னா காத்தாவது நல்லா வரும், விடு” என்றார். பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மேஸ்திரி மகளை நான் நினைக்கவில்லை என்று எண்ணாதே. அவள் படியில் இறங்கும் சத்தம் தினமும் காலையில் கேட்கிறது. அவளை நினைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

இன்னொன்று. உன் சட்டைக் கதை புரிந்தது. புரிந்ததும் இன்னும் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூட ஆர்டர் வந்தால் நான் வெட்டிய கையோடு ஒவ்வொரு துண்டிலும் பிள்ளையின் நம்பர் எழுதிய சீட்டைக் குத்துவேன். பாக்கெட் ஒன்றே ஒன்றாக இருந்தாலும் அதிலும் சீட்டு இருக்கும். அடுக்கை நம்பி யாராவது தைப்பார்களா? என்னிடம் வேலை கற்றுக்கொள்ள வருகிற பெண் முதல் வாரத்தில் இப்படிச் செய்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன்.

அக்கா


ஜூன் 20

அக்கா,

உன் பதிலுக்கு நான் காத்திருக்கவில்லை. ‘மாற்று’ என்றுதான் எழுதுவாய் என்று தெரியும். நீ சொல்லி நான் செய்யாமல் இருந்ததில்லை. அதனால் உன் கடிதம் வருவதற்குள் முடித்துவிட்டேன்.

மாற்றத்தான் உட்கார்ந்தேன். உன் பதிவுக்கு அடுத்த பதிவு மேஸ்திரியுடையது. மூன்றாவது வரிசை, மகள், வயது பதினொன்று. வீட்டின் பெயருக்கு நேராகப் ‘பொய்த் தகவல்’. உனக்கு நேராக அந்த வார்த்தையை அழித்துவிட்டு அவருக்கு நேராக விட்டுவைக்க என்னால் முடியவில்லை. அந்த வார்த்தை உன்னை என்ன செய்தது என்று உன் முதல் கடிதத்தில் படித்தவன் நான்.

சூப்பிரண்டைத் தாண்டி ஒதுக்கீட்டு ஆணையருக்கே எழுதினேன். நடந்தது என்ன, தப்பு யாருடையது, முந்நூற்றுப் பதினோரு வீடுகள் எவை என்று முழுப் பட்டியலோடு கொடுத்தேன். சாவி கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். என்னை இரண்டு நாள் உட்காரவைத்துப் புரோகிராமைச் சரிசெய்யச் சொன்னார்கள். இப்போது ஒவ்வொரு கட்டமும் எந்த ஆளுடையது என்ற எண்ணையும் சேர்த்தே சர்வருக்கு வரும். டிக் கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றைத் தொட்டே ஆக வேண்டும். வேலை முடிந்ததும் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். சூப்பிரண்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

அத்தானுக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. எல்லாரையும் மறுபடி கேட்டு, மறுபடி ஒதுக்குவார்கள். உன் கையில் கிடைத்திருக்க வேண்டியதை நான் தட்டிவிட்டேனோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை.

புரோகிராமில் தப்பு எல்லாருக்கும் வரும். அதை என்னால் சகித்துக்கொள்ள முடிகிறது. டிக் உன் பெயரில் இருந்ததைப் பார்த்ததும், ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் நீ பொய் சொன்னாய் என்று நம்பினேனே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தப் புரோகிராமுக்கு எட்டு மாதம் வயது. உன்னை எனக்கு முப்பத்தொரு வருஷமாகத் தெரியும்.

தம்பி


ஜூன் 25

தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. என்னுடையதும் உன்னிடம் வந்திருக்கும். அதைக் கிழித்துப் போட்டுவிடு. வேண்டாம், வைத்திரு, எழுதினது எழுதினதுதான்.

கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. அவர் போனைக் கொடுத்துவிட்டேன், அவரிடம் பேசு. என்னிடம் இப்போது வேண்டாம். பட்டினி கிடக்காதே.

அக்கா


ஆகஸ்ட் 2

அக்கா,

அத்தானிடம் வாரம் இரண்டு தடவை பேசுகிறேன். வீட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அத ஒங்க அக்காவே எழுதுவா” என்று சொல்லிவிட்டுச் சட்டைக்குக் காஜா போட வேண்டும், இஸ்திரி போட வேண்டும் என்று போனை வைத்துவிடுகிறார். நல்ல சேதி என்றால் சொல்லியிருப்பார். வேலை இன்னும் கிடைக்கவில்லை, இரண்டு இடத்தில் பேசியிருக்கிறேன். எதுவானாலும் எழுது.

தம்பி


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

எழுதாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

போன மாதம் இரண்டு பெண்கள் கையில் கம்ப்யூட்டரோடு வீடு வீடாக வந்தார்கள். ஒவ்வொருவர் பெயரையும் உரக்கப் படித்து, “இவங்க படி ஏறுவாங்களா?” என்று கேட்டார்கள். என் முறை வந்தபோது, “ஏறுவேன், உங்க ஆபீஸ் படியவே ஏறியிருக்கேன்” என்றேன். அவருடைய முறை வந்தபோது அந்தப் பெண் திரையை அவர் பக்கமே திருப்பினாள். அவரே தொட்டார். பிறகு ஆணையர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வந்தது, பொய்த் தகவல் என்று முன்பு எழுதியது அலுவலகத்தின் பிழை, வருந்துகிறோம் என்று. மேஸ்திரி அதைச் சட்டம் போட்டு மாட்டப் போகிறாராம். நான் அதை எடுத்துக்கொண்டு அந்தக் கவுன்டருக்கே போய் அந்த அம்மாளிடம் நீட்டினேன். படித்துவிட்டு எழுந்து நின்று, இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தாள். அது எனக்குப் போதுமாக இருந்தது.

இப்போது வீட்டு விஷயம். எங்கள் பகுதிக்குத் தரைத்தளத்தில் நாற்பது வீடு. உண்மையாகவே படி ஏற முடியாதவர்கள் நாற்பத்தேழு வீட்டில் இருந்தார்கள். குலுக்கல் போட்டார்கள். மேஸ்திரி பெயர் வந்தது. டீச்சர் பெயர் வந்தது. எங்கள் பெயர் வரவில்லை. விடுபட்ட ஏழு பேருக்கும் முதல் மாடி, ஒரு வருஷத்தில் லிஃப்ட் வைப்பார்களாம்.

உன்னிடம் மறைக்க மாட்டேன். சூப்பிரண்டு சொன்னபடி நீ அன்றைக்கு மாற்றியிருந்தால் இன்று நாங்கள் தரைத்தளத்தில் இருந்திருப்போம். குலுக்கல் முடிந்து வீட்டுக்கு வரும் வழியெல்லாம் உன்னைத் திட்டிக்கொண்டேதான் வந்தேன். மாற்றியிருந்தால் நான் வாய் பேசாமல் சாவியை வாங்கியிருப்பேன். மேஸ்திரி மகள் நான்காம் மாடியிலிருந்து இரும்புச் சட்டத்தோடு இறங்குவதைத் தினமும் வாசலில் உட்கார்ந்து பார்த்திருப்பேன். பார்த்துப் பழகியும் போயிருப்பேன், அதுதான் பயமாக இருக்கிறது. அவரிடம் இதைச் சொன்னேன். “அவன் செஞ்சதுதான் சரி, ஆனா அவன்கிட்ட இப்பவே சொல்லாத, தலைக்கனம் ஏறிடும்” என்றார். அதனால்தான் போனில் மழுப்பிக்கொண்டிருந்தார்.

நீ என்னை நம்பவில்லை என்று எழுதியிருந்தாயே, அது வலித்தது. இன்னும் கொஞ்சம் வலிக்கிறது. உன்னிடம் கோபம் இல்லை.

சனிக்கிழமை காலையில் சாமான் ஏற்றுகிறோம். புது வீட்டுக்குப் பதினெட்டுப் படி, எண்ணிப் பார்த்துவிட்டேன். இங்கே அவரைத் தூக்குகிற நாலு பேரும் வேறு வேறு கட்டடத்துக்குப் போகிறார்கள். நாற்காலியின் ஒரு பக்கத்தை நானும் பெரியவனும் பிடித்துக்கொள்வோம். மறுபக்கத்துக்கு மேஸ்திரி வருகிறேன் என்றார், அவர் ஒருவரால் முடியாது. உனக்குத்தான் இப்போது வேலை இல்லையே. வெள்ளிக்கிழமையே வந்துவிடு.

அக்கா